நேற்றுவரை ஒத்துக்கொண்டது இன்று ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?
வாசகர் கேள்வி – பதில்

நடுவயதில் புதிதாகத் தலைகாட்டும் உணவுக் கோளாறுகள் பற்றியும், அவற்றால் சபையிலும் வீட்டிலும் எழும் சங்கடங்கள் பற்றியும் வாசகர்கள் கேட்டவை இங்கே. மருத்துவப் பகுதியை ஒரு குடல்நோய் மருத்துவரும், வேதப் பகுதியை ஓர் இறையியல் ஆசிரியரும் பார்த்துச் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

எனக்கு 46 வயது. பால் குடித்தே வளர்ந்தவள். ஒரு வருடமாகப் பால் குடித்த ஒரு மணி நேரத்தில் வயிறு பொருமிப் பேதியாகிறது. ஜெபக்குழுவில் ஒரு சகோதரி, “தேவன் படைத்ததெல்லாம் நல்லது, ஸ்தோத்திரம் சொல்லிச் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது. உங்களுக்கு விசுவாசம் போதாது” என்று சொல்லிவிட்டார்.
– வாசகி, நாசரேத்

முதலில் வயிற்றைப் பார்ப்போம். பாலில் உள்ள சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அதை உடைக்கும் லாக்டேஸ் என்சைம் சிறுகுடலின் உட்சுவரில் சுரக்கிறது. தாய்ப்பால் குடிக்கும் வயதில் அது நிறைய இருக்கும், பிறகு குறைந்துகொண்டே வரும். தென்னிந்தியர்களில் மிகப் பலருக்கு இது இயல்பு, நோய் அல்ல. உடைபடாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போனால் அங்குள்ள பாக்டீரியா அதைப் புளிக்கவைக்கும். உங்களுக்கு வரும் வாயுவும் பேதியும் அதனால்தான். ‘இத்தனை வருடம் ஒன்றும் செய்யவில்லையே’ என்பீர்கள். என்சைம் மெல்ல மெல்லக் குறைந்து, ஒரு கட்டத்தில் நீங்கள் குடிக்கும் அளவுக்குப் போதாமல் போகிறது. அந்தக் கட்டம் 30 வயதிலும் வரலாம், 50 வயதிலும் வரலாம். கடுமையான வயிற்றுப்போக்கு வந்துபோன பிறகும் சில வாரங்களுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. அது தானே சரியாகிவிடும்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு வாரம் பால், தயிர், மோர், ஐஸ்கிரீம், பால்கோவா, பால்பவுடர் சேர்த்த பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வயிறு அடங்கினால், ஒருநாள் விட்டு ஒருநாள், சாப்பாட்டோடு சேர்த்து, முதலில் 60 மில்லி பால், அடுத்து 120, அடுத்து 240 என்று குடித்து, என்ன ஆனது என்று குறித்துவையுங்கள். 100 மில்லி பாலில் சுமார் 5 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. என்சைம் குறைந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒரே வேளையில் 12 கிராம்வரை, அதாவது ஒரு பெரிய தம்ளர் பால்வரை, தாங்குவார்கள். ஆகவே 50 மில்லி பால் விட்ட காபிக்கே வயிறு கலங்கினால் குற்றவாளி லாக்டோஸாக இல்லாமல் போகலாம். காபியே காரணமாக இருக்கலாம். சர்க்கரை நோய்க்குப் புதிதாக மெட்ஃபார்மின் தொடங்கியிருந்தால் அந்த மாத்திரையும் இதே தொந்தரவைக் கொடுக்கும். பலர் மாத்திரையை மறந்துவிட்டுப் பாலைப் பழிக்கிறார்கள்.

நன்கு புளித்த தயிர் பலருக்கு ஒத்துக்கொள்ளும், தயிரில் உள்ள பாக்டீரியாவே லாக்டோஸை உடைக்க உதவுவதால். நெய்யில் லாக்டோஸ் ஏறக்குறைய இல்லை. பாலைக் குறைத்தால் சுண்ணாம்புச் சத்துக்கு வழி வேண்டும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கிடைக்கும். முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, எள், முருங்கைக்கீரை ஆகியவையும் கைகொடுக்கும். ஆனால் எடை குறைகிறது, மலத்தில் ரத்தம், தூக்கத்தை எழுப்பும் பேதி, ரத்தசோகை என ஏதேனும் இருந்தால் வீட்டுச் சோதனை எதுவும் வேண்டாம். நேரே மருத்துவரிடம் போங்கள்.

இனி அந்தச் சகோதரி சொன்ன வசனம். அது 1 தீமோத்தேயு 4:4. அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். விவாகத்தைத் தடைசெய்து, சில உணவுகளை விலக்கவேண்டும் என்று கட்டளையிட்ட போதகர்களுக்குப் பவுல் அங்கே மறுப்புச் சொல்கிறார். உணவு தன்னிலே தீட்டுள்ளதா என்பதுதான் அங்கே வழக்கு. யாருடைய குடலில் எந்த என்சைம் இருக்கிறது என்பது அங்கே பேச்சே இல்லை. அதே நிருபத்தில் அடுத்த அதிகாரத்தின் 23-ம் வசனத்தில் அதே பவுல் தீமோத்தேயுவிடம், வெறும் தண்ணீரை மட்டும் குடிக்காமல், வயிற்றுக்காகவும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்கிறார். பவுலின் உத்தம குமாரனுக்கே வயிறு சரியில்லை. பவுல் அதற்கு விசுவாசக் குறைவு என்று பெயர் வைக்கவில்லை, பத்தியம் சொன்னார். ஜெபக்குழுவில் இந்த வசனத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள்.

எனக்கு சீலியாக் நோய் என்று உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். வயது 38. கோதுமை துளிகூடக் கூடாதாம். நான் கத்தோலிக்கப் பெண். அரிசி மாவில் செய்த அப்பத்தை வாங்கிக் கொடுத்தால் பங்குத்தந்தை அதை வைத்துத் திருப்பலி நிறைவேற்றுவாரா? நற்கருணையை விட்டுவிட வேண்டியதுதானா?
– வாசகி, திருச்சி

விட வேண்டியதில்லை. ஆனால் அரிசி அப்பத்துக்கு வழியில்லை. திருச்சபைச் சட்டத்தின் 924-ம் எண், அப்பம் கோதுமையால் மட்டுமே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும் என்கிறது. வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், கர்தினால் ராட்சிங்கர் தலைமையில் இருந்தபோது, 2003 ஜூலையில் இதை விளக்கிக் கடிதம் எழுதியது. குளூட்டன் (கோதுமை, பார்லியில் உள்ள புரதம்; சீலியாக் உள்ளவர்களின் சிறுகுடலைப் பாதிப்பது இதுதான்) அறவே இல்லாத அப்பம் செல்லாது; வேறு பொருள் எதுவும் சேர்க்காமல் அப்பமாகச் சேரும் அளவுக்குக் கொஞ்சமாவது குளூட்டன் உள்ள, ‘குறைந்த குளூட்டன்’ அப்பம் செல்லும். 2017-ல் வழிபாட்டுப் பேராயம் கர்தினால் சாராவின் கையெழுத்தோடு ஆயர்களுக்கு இதையே மீண்டும் நினைவூட்டியது. உங்கள் பங்குத்தந்தை மறுத்தால் அவர் கடுமையானவர் என்று எண்ண வேண்டாம். இது அவர் கையில் இல்லை.

உங்களுக்கு முன்னே இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, குறைந்த குளூட்டன் அப்பம். சாதாரணச் சிறிய அப்பம் ஏறக்குறைய கால் கிராம். அதில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடும். சீலியாக் உள்ளவர்கள் நாளொன்றுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. ஆகவே ‘ஒரு துணுக்குதானே’ என்ற கணக்கு உதவாது, தினமும் திருப்பலிக்குப் போகிறவருக்கு நிச்சயமாக உதவாது. குறைந்த குளூட்டன் அப்பத்தில் அந்த அளவு மிகமிகச் சொற்பம். வாங்கும்போது உறையில் எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று போட்டிருப்பதைப் பார்த்து, உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டாவது வழி, திருஇரத்தத்தை மட்டும் பெறுவது. அப்பத்தின் வடிவிலோ இரசத்தின் வடிவிலோ எதைப் பெற்றாலும் கிறிஸ்துவை முழுமையாகப் பெறுகிறோம் என்பது திருச்சபையின் போதனை. ஆகவே இது அரைகுறை நற்கருணை அல்ல. நம் பங்குகளில் பொதுநிலையினருக்குக் கிண்ணம் கொடுக்கும் வழக்கம் அரிது என்பதால் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.

பேசும்போது ஒரு விஷயத்தை மறக்காதீர்கள், பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். ‘உலகின் பாவங்களைப் போக்கும் இறைவனின் செம்மறியே’ சொல்லும் நேரத்தில் குருவானவர் அப்பத்தில் ஒரு துண்டைப் பிட்டுத் தம் கிண்ணத்தில் போடுவார். அந்தக் கிண்ணத்தில் நீங்கள் பருகினால் கோதுமை உங்கள் வாய்க்குள் போயிற்று. ஆகவே உங்களுக்கென்று தனியாக ஒரு சிறு கிண்ணம் பீடத்தில் வைக்கப்பட வேண்டும். அதில் துண்டு போடக்கூடாது, அப்பத்தைத் தோய்த்துக் கொடுக்கவும் கூடாது, உங்களுக்கு முன்னால் வேறு யாரும் அதில் பருகவும் கூடாது. குறைந்த குளூட்டன் அப்பம் என்றால், மூடியுள்ள தனிச் சிமிழில், மற்ற அப்பத் தட்டிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லுங்கள். மற்றவர்களுக்குக் கொடுத்த விரல்களில் மாவுத்தூள் ஒட்டியிருக்கும். ஆகவே வரிசையில் முதல் ஆளாக நீங்கள் போவது எளிய தீர்வு. கோயில்பிள்ளையிடமும் இதைச் சொல்லிவையுங்கள். பீடத்தைத் தயார் செய்வது அவர்தான். குருவானவர் மாற்றலாகிப் போனாலும் அவர் இருப்பார்.

சிஎஸ்ஐ, லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் உள்ள சீலியாக் வாசகர்களுக்கும் ஒரு வரி: உங்கள் சபையின் வழக்கம் வேறாக இருக்கலாம். திருவிருந்துக்கு அரிசி அப்பத்தைத் தனித் தட்டில் வைக்க ஆயர் இணங்குவாரா என்று கேட்டுப் பாருங்கள். தட்டு தனியாக இருப்பது, அப்பம் எதில் செய்தது என்பதைப் போலவே முக்கியம்.

சமையலறை விஷயத்தில், கோதுமை, ரவை, மைதா, சேமியா விலக்கு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாமல் நுழைவது வேறு வழிகளில். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ சேர்ப்பது வழக்கம். உறையைப் பார்த்து, அரிசி மாவோ பிசினோ மட்டும் சேர்த்ததை வாங்குங்கள். இல்லாவிட்டால் உங்கள் சாம்பாரிலும் ரசத்திலும் தினமும் கோதுமை இருக்கும். பார்லி மால்ட் சேர்த்த பானங்கள், சோயா சாஸ், ஓட்டல் கிரேவி, பரோட்டா போட்ட கல்லில் வார்த்த தோசை ஆகியவையும் கூடாது. மாவு மில்லில் உங்களுக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்திருந்தால் உங்கள் கம்பு மாவில் அது கலந்திருக்கும். வீட்டில் மிக்சியில் அரைப்பதே பத்திரம். உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். நெருங்கிய ரத்த உறவில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது இருக்கக்கூடும்.

இதை வாசித்துவிட்டு ‘எனக்கும் இருக்குமோ’ என்று கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். டிடிஜி ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனையும், அதன்பின் வரும் சிறுகுடல் பயாப்சியும் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செய்தால்தான் உண்மையைச் சொல்லும். நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் இல்லையென்று வரும். பிறகு வாரக்கணக்கில் மறுபடி சாப்பிட்டுவிட்டு வரச் சொல்வார்கள்.

இரண்டு தடவை இறால் சாப்பிட்டு உதடு வீங்கி உடம்பெல்லாம் தடித்துவிட்டது. வயது 52, கடற்கரை ஊரில் பிறந்து இத்தனை காலம் இறால் சாப்பிட்டவன். சுகமளிக்கும் கூட்டத்தில் ஜெபித்த பிறகு சுகமாகிவிட்டது என்றார்கள். சாட்சியாக எல்லார் முன்னாலும் இறால் சாப்பிடச் சொல்கிறார்கள். சாப்பிடலாமா?
– வாசகர், தூத்துக்குடி

சாப்பிடக் கூடாது.

இது பால் ஒத்துக்கொள்ளாத மாதிரி வயிற்றோடு நிற்கிற காரியம் அல்ல; நோய் எதிர்ப்பு மண்டலம் கிளப்பும் ஒவ்வாமை. பெரியவர்களுக்குப் புதிதாக வரும் உணவு ஒவ்வாமைகளில் இறால், நண்டு வகை முன்வரிசையில் நிற்கிறது. காரணம் டிரோப்போமயோசின் என்ற புரதம். வேகவைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. வீட்டுத் தூசிப்பூச்சியிலும் கரப்பான்பூச்சியிலும் இதே சாயலில் புரதம் இருப்பதால், தூசி ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது பிறகு வருவதுண்டு. அடுத்த தடவை முன்பு வந்ததைவிடக் கடுமையாக வரலாம், மூச்சுக்குழல் அடைக்கலாம். கூனிப்பொடி போட்ட துவையலும், இறால் பொரித்த அதே எண்ணெயில் பொரித்த மீனும்கூட ஆபத்து.

ஒரு விலக்கு சொல்ல வேண்டும். சூரை, அயிலை போன்ற மீன் ஐஸில்லாமல் வெகுநேரம் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் ஊறிவிடும், கொதிக்கவைத்தாலும் போகாது. சாப்பிட்டவர்களுக்கு முகம் சிவந்து, உடம்பு தடித்து, அச்சு அசலாக ஒவ்வாமை போலவே இருக்கும். அதே குழம்பைச் சாப்பிட்ட பலருக்கு ஒரே நேரத்தில் வந்தால் அது மீனின் கோளாறு. உங்களுடையது இரண்டு முறையும் இறால், இரண்டு முறையும் உங்களுக்கு மட்டும் என்றால் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

சுகமானதா என்று பார்க்க முறையான வழி இருக்கிறது. முதலில் தோல் சோதனையோ ரத்த ஐஜிஇ சோதனையோ செய்வார்கள். ஒவ்வாமை தணிந்திருப்பதாக அவை காட்டினால், மருத்துவமனையில், மருந்தும் ஊசியும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மிகச் சிறிய அளவில் தொடங்கி, 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை அளவைக் கூட்டிச் சாப்பிடவைத்துக் கவனிப்பார்கள். அதற்குச் சில நாட்கள் முன்பே அலர்ஜி மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார்கள்.

இதை அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் லூக்கா 17-ஐக் காட்டுங்கள். பத்துக் குஷ்டரோகிகளையும் ஆண்டவர், போய் ஆசாரியர்களுக்குத் தங்களைக் காண்பிக்கச் சொன்னார். லேவியராகமம் 14-ன்படி, குணமானவன் பரிசோதிக்கப்பட்ட பிறகுதான் பாளயத்துக்குள் வரலாம். கொடுத்த சுகத்தைச் சரிபார்க்கச் சொன்னவரே அவர். தேவாலயத்து உப்பரிகையிலிருந்து தாழக் குதித்துக் காட்டச் சொன்னவன் யார் என்பது உங்களுக்குத் தெரியும். ‘இறால் சாப்பிட்டுக் காட்டு’ என்பது அந்த வகை.

தவறுதலாக வாய்க்குள் போய்விட்டால்: தோல் அரிப்பு மட்டும் என்றால் செட்ரிசின் உதவும். குரல் கம்முவது, மூச்சுத் திணறல், தலைசுற்றல், தொடர்ந்த வாந்தி வந்தால் அது உதவாது. அப்போது தேவை அட்ரினலின். பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். 5 நிமிடத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் இன்னொன்று. நம் ஊரில் தானே போட்டுக்கொள்ளும் பேனா வடிவ ஊசி எளிதில் கிடைப்பதில்லை. ஆம்பூலும் சிரிஞ்சும் வைத்திருந்து போடும் முறையை உங்கள் மருத்துவரிடம் நீங்களும் வீட்டாரும் கற்றுக்கொள்ளுங்கள். 108-ஐ அழையுங்கள். மல்லாந்து படுத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரலாம். எழுந்து நடந்துபோய் வண்டியில் ஏறக்கூடாது, ரத்த அழுத்தம் சட்டென்று விழும். சரியாகிவிட்டது போலத் தெரிந்தாலும் சில மணி நேரம் மருத்துவமனையிலேயே இருங்கள், மறுபடியும் வரக்கூடும். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிட்டால் அட்ரினலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லிவையுங்கள்.

ஒரே ரத்தத் துளியில் 200 உணவுகளுக்குச் சோதனை என்று விளம்பரம் வருகிறதே?
– வாசகர், மதுரை

அவை பெரும்பாலும் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் சோதனைகள். ஒரு உணவை நீங்கள் அடிக்கடி சாப்பிடுகிறீர்கள் என்பதற்குத்தான் ஐஜிஜி அடையாளம். அது ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கு அல்ல. ஐரோப்பிய, அமெரிக்க ஒவ்வாமை மருத்துவ அமைப்புகள் இதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்லியிருக்கின்றன. அரிசி, பருப்பு, தேங்காய் என்று நாம் தினமும் சாப்பிடுவதெல்லாம் ‘சிவப்பு’ என்று வரும். காசு மிச்சம்.

எங்கள் சபையில் வருடந்தோறும் அசனம் (சபை விருந்து). “உங்கள்முன் வைப்பதை ஒன்றும் விசாரியாமல் சாப்பிடுங்கள்” என்றிருக்க, இப்போது சிலர் ‘இதில் முந்திரி இருக்கா, பால் இருக்கா’ என்று பந்தியில் கேட்கிறார்கள். சமைக்கிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கிறது. என்ன செய்ய?
– அசனக் கமிட்டி உறுப்பினர், சாயர்புரம் பக்கம்

1 கொரிந்தியர் 10:27 விக்கிரகங்களுக்குப் படைத்த இறைச்சியைப் பற்றியது. மனச்சாட்சியினிமித்தம் விசாரிக்க வேண்டாம் என்கிறார் பவுல். முந்திரி கேட்கிறவர் மனச்சாட்சிக்காகக் கேட்கவில்லை, மூச்சுக்காகக் கேட்கிறார். உங்கள் கமிட்டிக்குப் பொருத்தமானது ரோமர் 14:15: உன் போஜனத்தினால் ஒரு சகோதரனைக் கெடுத்துவிடாதே. அதுவும் மனச்சாட்சியைப் பற்றியதுதான் என்றாலும், அங்கே பொறுப்பு பலவீனமான சகோதரன்மேல் அல்ல, மற்றவன்மேல் விழுகிறது.

வேலை ஒன்றும் பெரிதல்ல. சமையல் மேஸ்திரியிடம் முதல்நாளே எந்தெந்தப் பாத்திரத்தில் முந்திரி விழுது, பால், தயிர், கூட்டுப் பெருங்காயம் போகிறது என்று கேட்டு ஒரு தாளில் எழுதிப் பந்தியின் வாசலில் ஒட்டுங்கள். முந்திரி குருமாவில் இருந்தால் பாயசத்திலாவது சேர்க்காதீர்கள். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வெறும் சோறு, ரசம், முந்திரியில்லாத ஒரு கூட்டு ஆகியவற்றை, மற்றச் சமையல் தொடங்குமுன் முதலில் இறக்கி மூடி வைக்கச் சொல்லுங்கள். அவற்றுக்குத் தனிக் கரண்டி வேண்டும். பரிமாறுகிற பையன்கள் குருமாக் கரண்டியை ரசத்தில் விடுவதுதான் எல்லாவற்றையும் கெடுக்கும். அந்தப் பாத்திரங்களைப் பெரியவர் ஒருவர் பொறுப்பில் விடுங்கள். ‘கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது’ என்று உபசரித்து வற்புறுத்துவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

வயிறு சரியில்லையென்று வெங்காயம், பூண்டு, பருப்பு, கோதுமை, பால், கத்திரிக்காய், மாம்பழம் எல்லாம் விட்டு ஏழு மாதம் ஆகிறது. கொலோனோஸ்கோபி உட்பட எல்லாப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது. தானியேலைப் போல ஒரு ஒழுங்கு என்று நினைத்துத் தொடர்கிறேன். எடை ஆறு கிலோ குறைந்துவிட்டது.
– வாசகி, கோயம்புத்தூர்

தானியேல் கேட்டது பத்து நாள் சோதனை. பத்தாம் நாள் முடிவில் முகங்களை ஒப்பிட்டுப் பார்த்து, விளைவைக் கண்டுதான் அவர்கள்மேல் வைக்கப்பட்டிருந்த விசாரணைக்காரன் முடிவெடுத்தான் (தானியேல் 1:12–16). பத்தாம் அதிகாரத்தில் துக்கித்திருந்ததும் மூன்று வாரம்தான். இரண்டுக்கும் கெடு இருந்தது. உங்கள் பத்தியத்துக்கு முடிவுத் தேதியும் இல்லை, ஒப்பிடுதலும் இல்லை. ஆறு கிலோ போனதை மருத்துவரிடம் மறுபடி சொல்லுங்கள்.

உங்கள் பட்டியலில் முதல் ஐந்தும், மாம்பழமும், குடலில் எளிதாகப் புளிக்கும் சர்க்கரைகள் உள்ளவை. மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபாட்மாப் பத்தியத்திலும் இவற்றை விலக்குவார்கள், ஆனால் 2 முதல் 6 வாரத்துக்கு மட்டும். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதுதான் சோதனையின் முக்கியமான பாதி. பலரும் அதைச் செய்யாமல் நின்றுவிடுகிறார்கள்.

கத்திரிக்காயை நாளைக்கே சேர்த்துக்கொள்ளுங்கள், இந்தப் பட்டியலில் அதற்கு வேலையில்லை. அடுத்து பருப்பு: எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டி, குழைய வேகவைத்த பாசிப்பருப்பு முதல்நாள் 2 மேசைக்கரண்டி, இரண்டாம் நாள் 4, மூன்றாம் நாள் அரைக் கிண்ணம். மூன்று நாள் இடைவெளி விட்டு, மேலே சொன்ன அளவுப்படி பால். பிறகு கோதுமை: அரைச் சப்பாத்தி, ஒன்று, இரண்டு. அதன்பின் மாம்பழம், இரண்டு கீற்றிலிருந்து. ஒன்றைச் சோதிக்கும்போது மற்றதைச் சேர்க்காதீர்கள். ஒத்துக்கொண்டதையும் எல்லாம் முடியும்வரை தள்ளியே வையுங்கள், இல்லாவிட்டால் எது செய்தது என்று தெரியாது. வெங்காயமும் பூண்டும் கடைசியில். அதுவரை, பூண்டை எண்ணெயில் பொரித்துப் பல்லை எடுத்தெறிந்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்துக்கொள்ளலாம்: தொந்தரவு தரும் சர்க்கரை தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது, வாசனை மட்டும் எண்ணெயில் இறங்கும். அந்த எண்ணெயை அவ்வப்போது புதிதாகச் செய்யுங்கள், பாட்டிலில் ஊற்றி வெளியே வைக்காதீர்கள்.